தண்ணிப்பள்ளத்து உறைபனி

2026 ஜனவரி 17, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, போடிமெட்டைத் தாண்டிப் பதினான்கு கிலோமீட்டரில் உள்ள தண்ணிப்பள்ளம் ஏலக்காட்டில், காய் உலர்த்தும் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே ஒரு டிகிரி காட்டியது.

கன்னையன் அதை விரலால் தட்டிப் பார்த்தார். உலர்த்தும் அறையில் ஐம்பதும் ஐம்பத்தைந்தும் காட்டிப் பழகிய கருவி அது. கெட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டுப் பள்ளத்தைப் பார்த்தார். விடியல் இன்னும் முழுசாக வரவில்லை. ஆனாலும் கீழே செடிகள் தெரிந்தன. வெளுத்துத் தெரிந்தன.

அவர் பெண்டாட்டி மாயக்காளை எழுப்பினார். அவள் கம்பளியோடு வந்து வாசலில் நின்றாள். நாய்க்கு வைத்திருந்த ஈயச் சட்டியில் தண்ணீர் கல்லாகியிருந்தது. அதைக் காலால் நகர்த்தியபோது உள்ளே அடைபட்டிருந்த இரண்டு சோற்றுப் பருக்கைகள் நகராமல் அப்படியே இருந்தன. அதைப் பார்த்து அவள் சிரித்தாள்.

கன்னையனுக்கு ஐம்பத்தாறு வயது. மாயக்காள் ஐந்து வயது இளையவள். போடியில் கீழத்தெருவில் வீடு. பதினோரு வருடமாகக் கட்டப்பனைக்காரர் ஒருவரின் நாலு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபடுகிறார்கள். பெண்ணைச் சின்னமனூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பொங்கலுக்குக் கீழே இறங்குவதுதான் வழக்கம். இந்த வருடம் இறங்கவில்லை. ஒற்றை ஆனை ஒன்று பக்கத்து எஸ்டேட்களில் திரிவதாகப் பேச்சு. செடியை விட்டுவிட்டுப் போக மாயக்காளுக்கு மனமில்லை. கொட்டகை முன்னால் மூன்று கல்லைக் கூட்டி அங்கேயே பொங்கல் வைத்தாள்.

அந்தச் செடிகளுக்கு ஒரு கதை உண்டு. 2024 கோடையில் அந்த மலைப்பக்கம் முழுக்க ஏலம் காய்ந்தது. தண்ணிப்பள்ளத்து ஓடை ஒரு குட்டையாகச் சுருங்கிப்போனது. நாலு ஏக்கரிலும் தூருக்கு ஒரு குவளை வீதம் ஊற்றிவிடலாம் என்பது கன்னையனின் யோசனை. மாயக்காள் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் ஊற்றினால் எல்லாமே சாகும் என்றாள். மூன்று நாள் சண்டை நடந்தது. நான்காம் நாள் அவள் காட்டைச் சுற்றி வந்து பதினோரு தூரைத் தேர்ந்தெடுத்தாள். காய்ந்த தண்டுத் தட்டைகளை ஒரு சாண் உயரத்தில் வெட்டி எறிந்தாள். குப்பையை வழித்துத் தள்ளினாள். குட்டைத் தண்ணீரை அந்தப் பதினோரு தூருக்கு மட்டும் நாற்பது நாள் குடத்தில் சுமந்தாள். கன்னையன் மிச்சத்துக்குக் குவளையில் ஊற்றினார். அவர் ஊற்றிய அத்தனையும் பட்டுப்போயின. பதினோரு தூரும் பிழைத்தன.

அவற்றைப் பிரித்து நட்டு, அடுத்த வருடம் அதையும் பிரித்து நட்டதில், இப்போது நானூற்று மூன்று தூர் நிற்கிறது. வறட்சி தாங்கிய செடி என்று சூரியநெல்லியிலிருந்துகூட ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து கன்னையனை யார் எதைக் கேட்டாலும், உர மூட்டை இறக்குவது எங்கே என்று கேட்டால்கூட, "அவளக் கேளுங்க" என்பதுதான் பதில். போடி ஜீப் ஸ்டாண்டில் அவருக்குக் 'குவளை' என்று பேர் விழுந்தது. வைத்தவன் மாயக்காளின் தம்பி சின்ராசு. அவன் ஜீப் ஓட்டுகிறான்.

நட்ட இடமும் மாயக்காள் சொன்ன இடம்தான். பழைய ஏலம் மேட்டுச் சரிவில் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு ஓடையை ஒட்டிய பள்ளத்துக்கு இறங்கினார்கள். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றாள். பள்ளத்தில் நிழல் மரம் குறைவு. கோடைக்குப் பச்சை வலை கட்டினார்கள். கார்த்திகையில் வெயில் மட்டுப்பட்டதும் வலையைச் சுருட்டிப் பரணில் போட்டார்கள். வெயிலுக்குக் கட்டியது, வெயில் போனால் எதற்கு.

நிலத்துக்காரர் தன்மையானவர். போன புரட்டாசியில் போன் செய்து, வருகிற ஆவணி வரை பொறுக்கிறேன் என்றார். ஆவணியில் இந்தச் செடியில் காய் எடுத்தால் இன்னும் ஐந்து வருடம் அவர்களே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் சுற்றுலாக்காரர்களுக்கு டென்ட் போடுகிற கொச்சிக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார். அந்த ரோட்டில் ஏற்கெனவே மூன்று இடத்தில் டென்ட் போட்டிருக்கிறார்கள்.

பொங்கலன்று காலையிலேயே ஓடைக் கரைப் புல்லில் கொஞ்சம் வெளுப்பு இருந்தது. இந்தப் பதினோரு வருடத்தில் இரண்டு முறை அப்படிப் பார்த்ததுண்டு. ஏழு மணிக்குள் போய்விடும். மாயக்காள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். மாட்டுப்பொங்கலன்றும் புல்லோடு நின்றது. சனிக்கிழமைதான் செடிக்கு ஏறியது.

ஆறே முக்காலுக்கு நன்றாக வெளுத்தது. நானூற்று மூன்று தூரும் இடுப்புயரத்துக்கு வெள்ளையாக நின்றன. நீண்ட இலைகளின் மேற்பக்கம் மட்டும் மாவு சலித்ததுபோல் படிந்திருந்தது. ஓரங்களில் அது ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருந்தது. சிலந்தி வலைகள் நூல் நூலாகத் தடித்திருந்தன. தண்ணீர் டியூபின் மேல் வெள்ளைக் கோடு ஓடியது. காற்றே இல்லை. பள்ளத்தில் ஒரு இலையும் அசையவில்லை. மேட்டில் பட்டுப்போன பழைய தூர்களுக்கு நடுவே முளைத்திருந்த களைச்செடிகள் பச்சையாகவே இருந்தன. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

சின்ராசு ஜீப்பில் எட்டுப் பேரைக் கொண்டுவந்து இறக்கினான். மதுரையிலிருந்து காணும் பொங்கலுக்கு மலை பார்க்க வந்தவர்கள். வழியில் பனியைப் பார்த்துவிட்டு இறங்கியே ஆக வேண்டும் என்றார்களாம். அவர்கள் செடிக்கு நடுவே புகுந்து படம் எடுத்தார்கள். ஒரு பெண் இலையிலிருந்து வழித்து உருட்டிப் புருஷன் சட்டைக்குள் போட்டாள். மாயக்காள் தடுக்கவில்லை. கடுங்காப்பி போட்டு எல்லாருக்கும் கொடுத்தாள். தன்னையும் செடியோடு ஒரு படம் எடுத்துப் பெண்ணுக்கு அனுப்பச் சொன்னாள். தலையில் மப்ளர் இருந்தது. அதை அவிழ்த்துவிட்டு நின்றாள்.

"குவளையாரே, நீங்களும் நில்லுங்க மச்சான். ஒங்க தண்ணியத்தான் வெள்ளையா இறைச்சுவிட்டிருக்கு" என்றான் சின்ராசு.

கன்னையன் போய் நின்றார்.

ஏழேகாலுக்கு அய்யம்மாள் வந்தாள். பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருப்பவள், நாற்பத்தெட்டு வயது. இருபது வருடம் மேலே தேயிலைக் கம்பெனியில் கொழுந்து எடுத்தவள். முட்டி நோவு வந்தபிறகு ஏலக்காட்டு வேலைக்கு இறங்கினாள். ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தவள் வளைவில் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக வந்தாள். வந்தவள் மாயக்காளிடம், விடியுமுன் தண்ணீர் தெளித்தீர்களா என்று கேட்டாள். தேயிலை நாற்றங்காலில் அப்படிச் செய்வார்களாம். வெயில் விழுவதற்குள் தண்ணீரை அடித்துப் பனியைக் கழுவிவிட வேண்டுமாம்.

"இந்தக் குளுர்லயா? அது மேல பச்சத் தண்ணிய ஊத்தச் சொல்றயா?" என்று மாயக்காள் சிரித்தாள். "வெயிலு வரட்டும் ஆத்தா. வெயிலு வந்தா எல்லாம் சரியாப் போகும்."

அய்யம்மாள் கிழக்கு மேட்டைப் பார்த்தாள். வெயில் அங்கே வந்துவிட்டிருந்தது.

வெயிலின் விளிம்பு சரிவில் இறங்கி வருவது ஒரு கோடு மாதிரித் தெரிந்தது. ஏழு ஐம்பதுக்குப் பள்ளத்தின் மேல் வரிசையைத் தொட்டது. அதே நேரம் காற்றும் மாறியது. மூன்று நாளாக நின்றுபோயிருந்த காற்று போடிப்பக்கமிருந்து ஏறி வந்தது. தேனிச் சமவெளியின் காற்று அது. ஜனவரியில் அப்படிச் சூடாக வருவதில்லை. ஒரு சுவரைத் தாண்டி வருவதுபோல் மெட்டைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கியது. கால் மணி நேரத்தில் எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

முதலில் சத்தம்தான் கேட்டது. இலைகளிலிருந்து சின்னச் சின்ன முறிவுச் சத்தம். பிறகு சொட்டு. மேல் வரிசையில் ஆரம்பித்து ஒவ்வொரு வரிசையாகக் கீழே வந்தது. கொஞ்ச நேரத்தில் பள்ளம் முழுக்க மழை பெய்யும் சத்தம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. வெள்ளை முதலில் இலையின் நடு நரம்பிலிருந்து விலகியது, பிறகு இரண்டு பக்கமும் கரைந்து ஓரத்துக்குப் போனது, ஓரத்தில் ஒரு வினாடி நின்று துளியாக விழுந்தது. தரையிலிருந்து ஆவி கிளம்பியது. அடுக்களையில் சோறு வடிக்கிறபோது வருகிற மாதிரி முழங்கால் உயரத்துக்கு ஆவி நின்றது. எட்டரைக்குள் எல்லாம் முடிந்தது.

மதுரைக்காரர்கள் அவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். சின்ராசு அவர்களை விட்டுவிட்டு மத்தியானம் வருவதாகச் சொல்லிப் போனான்.

பனி போன செடி முன்பைவிடப் பச்சையாக இருந்தது. கழுவிவிட்டதுபோல் மினுமினுத்தது. மாயக்காள் ஒரு வரிசை நடந்து பார்த்துவிட்டு, பார்த்தாயா என்பதுபோல் அய்யம்மாளைப் பார்த்தாள். பழைய சோறும் சுண்டவத்தலும் சாப்பிட்டார்கள். வெப்பமானி இருபத்து மூன்று காட்டியது. கன்னையன் ஓடைக்குக் குளிக்கப் போனார்.

பதினோரு மணிக்கு அய்யம்மாள்தான் கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. "அக்கா, கொஞ்சம் வாங்க" என்றாள்.

மேல் வரிசை இலைகளின் நிறம் ஆழமாகியிருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இலை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்தது. எண்ணெய்த்தாள் மாதிரி. மாயக்காள் ஒரு இலையை இரண்டு விரலால் பிடித்தாள். விரல் இலைக்குள் அமுங்கியது. ஈரம் வழிந்தது. அடுத்த இலையும் அப்படித்தான். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். நாலாவது வரிசைவரை போய்விட்டுத் திரும்பி வந்தபோது முதல் வரிசை இலைகள் தண்டோடு மடங்கித் தொங்கின.

மத்தியானத்துக்குள் பள்ளம் முழுக்கத் தொங்கியது. நிறம் பச்சையிலிருந்து கருப்புக்குப் போனது. வாடல் நோய் என்றால் மஞ்சளாக வரும், வறட்சிக் காய்ச்சல் என்றால் வெளுத்து வரும், இவர்களுக்குத் தெரியும். இது அப்படியில்லை. வாசனைதான் கன்னையனைப் பள்ளத்தின் நடுவில் நிறுத்தியது. கீரை வெந்த வாசனை. அடுப்பு எதுவும் எரியாத வெட்டவெளியில், இளவெயிலில், நானூறு தூரும் வெந்த வாசனை.

மாயக்காள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவளால் நம்ப முடியாதது ஒன்றுதான். குளிரில் நின்றபோது செடி உயிரோடு இருந்தது. அதை அவள் கண்ணால் பார்த்தாள், அதோடு படம் எடுத்துக்கொண்டாள். வெயில் வந்தபிறகு செத்தது. வெயில்தான் வர வேண்டும் என்று காலையிலிருந்து அவள் காத்திருந்தாள். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள், யாரிடம் என்றில்லாமல்.

"தூரு சாகல அக்கா" என்றாள் அய்யம்மாள். மண்ணை விலக்கி ஒரு கிழங்கைக் கீறிக் காட்டினாள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. ஏல வாசனை இருந்தது.

அதைப் பார்த்ததும் மாயக்காள் எழுந்துவிட்டாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சின்ராசு திரும்பி வந்தபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது. வெட்ட வேண்டும் என்பது மாயக்காள் கட்சி. வெந்த தட்டையெல்லாம் தண்ணீர். அதை அப்படியே விட்டால் அழுகல் தட்டை வழியாகக் கிழங்குக்கு இறங்கும். ஒரு சாண் விட்டு வெட்டி, குப்பையை வழித்து வெளியே கொட்டி, தூருக்கு வெயில் காட்டினால் மாசிக்குள் முளை கிளம்பும். வறட்சியில் பதினோரு தூரை அப்படித்தானே காப்பாற்றினோம் என்றாள். அய்யம்மாள் வேறு சொன்னாள். தேயிலையில் பனி கருக்கினால் பங்குனி பிறக்கும்வரை கத்தி வைக்க விடமாட்டார்கள்.

"கருகினது கருகினபடியே நிக்கட்டும்னுருவாக அக்கா. அதான் அடுத்த பனிக்குப் போர்வன்னு வேலைய மேற்பாக்குற கண்டக்டரய்யா சொல்லுவாரு."

"தேயில மரம்டி. அது நின்னாலும் காயும், அழுகாது. ஏலம் வாழை மாதிரி. வெட்டாத வாழை என்னாகும்? நீயே சொல்லு."

அய்யம்மாளுக்குத் தேயிலைதான் தெரியும். ஏலத்தில் பனி விழுந்து அவள் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. "எனக்கென்னமோ சரியாப் படலக்கா, அம்புட்டுத்தேன்" என்றாள்.

அய்யம்மாள் கீறிய கிழங்கைக் கன்னையன் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு பனி வந்தா?" என்று கேட்டார்.

"வருமா?" மாயக்காள் தம்பியைப் பார்த்தாள்.

சின்ராசு செல்லை எடுத்துப் பார்த்தான். ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று நாளும் வெயில் படம் போட்டிருந்தது. குறைந்த வெப்பம் பத்தொன்பது. "பனியெல்லாம் முடிஞ்சு போச்சுக்கா. பத்தொம்பதுக்குக் கீழ போகாதுங்குது. காத்தே மாறிருச்சுல்ல" என்றான். செல்லின் மேல் மூலையில் போடிநாயக்கனூர் என்று போட்டிருந்தது. அது மலைக்குக் கீழே சின்ராசின் ஊர். அவன் ஜீப் ஏறும் ஊர். எப்போதும் அந்த ஊர்தான் அதில் இருக்கும். நாலு பேரும் அந்தச் சின்னச் சூரியன் படத்தைப் பார்த்தார்கள். வெளியே வெயில் அதே மாதிரித்தான் அடித்துக்கொண்டிருந்தது.

"வலையாவது கட்டுவமா?" என்றார் கன்னையன்.

"வெயிலு படணும்ங்கேன், வலையக் கட்டவாங்கறீகளே." மாயக்காளின் குரல் உயரவில்லை. "குவளைல ஊத்துவம்னீக. நாஞ் சொன்னபடி செஞ்சதாலதான் பதினோரு தூராவது நின்னுச்சு."

சின்ராசு சிரிக்கப் போனான், பிறகு சிரிக்கவில்லை. கன்னையன் கிழங்கை மண்ணில் திரும்ப வைத்து மூடினார். கொட்டகைக்குப் போய் மூன்று கவாத்துக் கத்திகளையும் சாணைக் கல்லையும் கொண்டுவந்தார். கத்திகளைத் தீட்டினார். தீட்டி முடித்து முதல் கத்தியைப் பெண்டாட்டியிடம் கொடுத்தார்.

நாலு பேரும் வெட்டினார்கள். சின்ராசுக்கு அரிவாள். வெட்டுவது சுலபமாக இருந்தது. அதுவே பயமாக இருந்தது என்று பின்னால் அய்யம்மாள் சொன்னாள். ஏலத்தட்டைக்கு ஒரு நார்ப்பிடிப்பு உண்டு, கத்தி சறுக்கும். அன்றைக்கு ஒவ்வொரு தட்டையும் பூசணி மாதிரி வெட்டுப்பட்டது. கை, முழங்கை, மார்பு எல்லாம் கருஞ்சாறு. வெட்டியதைச் சாக்கில் அள்ளி மேட்டில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். மாயக்காள் ஒவ்வொரு தூரையும் குனிந்து கையாலேயே சுத்தம் செய்தாள், சருகு ஒன்றுகூட விடவில்லை. இருட்டும்போது ஓடைக்கு இந்தப் பக்கம் நின்ற முந்நூற்று அறுபத்திரண்டு தூரும் ஒரு சாண் உயரத்தில் நின்றன. ஓடைக்கு அந்தப் பக்கம் நாற்பத்தொன்று பாக்கி. காலையில் வெட்டிவிடலாம் என்றார்கள். சின்ராசு மெட்டுக்கு ஒரு பயணி லோடு இருக்கிறதென்று கிளம்பினான்.

ஞாயிறு காலை ஆனைக் காவலர்களின் குழுவிலிருந்து செல்லுக்குச் செய்தி வந்தது. ஒற்றை தண்ணிப்பள்ளம் ஓடைக்கு அக்கரைச் சோலையில் நிற்கிறது, யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். கொட்டகையிலிருந்தே மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. நாற்பத்தொரு தூரை அப்படியே விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சூடு. ராத்திரியும் மேகம் மூடியிருந்தது, கம்பளி வேண்டியிருக்கவில்லை. மாயக்காள் வெட்டிய தூர்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வெட்டுவாய் எல்லாம் காய்ந்து நல்ல பொருக்குக் கட்டியிருந்தது. பெண்ணுக்குப் போன் போட்டு, இலை போனது, தூர் இருக்கிறது, ஆவணிக்குக் காய் குறையும், ஆனால் வரும் என்றாள். அன்று அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அய்யம்மாள் ஒரு தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு போனாள்.

திங்கள் சாயங்காலம் மேகம் விலகியது. காற்று நின்றது. கன்னையன் மேற்கே வானத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மேட்டில் கொட்டிய குப்பையைத் திரும்ப அள்ளித் தூருக்குப் போடலாமா என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பரணில் இருந்த வலையை இறக்கினார். அதைக் கண்டதும் மாயக்காள் தலையாட்டி வேண்டாம் என்றாள். முகத்தில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. வலையைக் கொட்டகை வாசலிலேயே போட்டுவிட்டு அவர் உள்ளே போனார். இதையெல்லாம் பின்னால் அவரே சொன்னார். ஒரு சொல் சொல்லியிருக்கலாம், இல்லையென்றால் சொல்லாமலே கட்டியிருக்கலாம் என்றார். அவள் ஒருதரம் சரியாகச் சொன்னவள், தான் ஒருதரம் தப்பாகச் சொன்னவன், அதற்குமேல் யோசிக்கவில்லை என்றார்.

செவ்வாய், 20ஆம் தேதி, காலை ஆறரைக்குப் பள்ளம் மறுபடி வெளுத்திருந்தது. இந்த முறை செடி இல்லை. மண் வெளுத்திருந்தது. மண்ணிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்த முந்நூற்று அறுபத்திரண்டு கட்டைகளின் தலையிலும் வெள்ளை உட்கார்ந்திருந்தது. சுத்தம் செய்த தரையில் மண்ணே பிளந்து விரல்நீளத்துக்குப் பனிக்குச்சிகள் நிமிர்ந்து நின்றன. அவை கிழங்குகளை மண்ணிலிருந்து அரை விரல் மேலே தூக்கியிருந்தன.

மாயக்காள் செருப்பில்லாமல் இறங்கினாள். கன்னையன் பின்னால் போனார். அவள் எதையும் தொடவில்லை. வெயில் வந்துவிடும் என்று மட்டும் சொன்னாள். மேட்டில் வெயில் கோடு இறங்கி வந்துகொண்டிருந்தது.

கன்னையன் ஓடி வலையை இழுத்து வந்தார். ஒரு பக்கத்தை அவள் பிடிக்க வேண்டும். அவள் பிடிக்கவில்லை. அவர் தனியாக இரண்டு வரிசைக்கு விரித்தார். வாளியில் ஓடைத் தண்ணீரை மொண்டு வந்து மூன்றாவது வரிசைக்கு இறைத்தார், நாலாவது வரிசைக்கு இறைத்தார். அதற்குள் கோடு பள்ளத்துக்கு வந்துவிட்டது. பனிக்குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. மண் ஒரு விரல் இறங்கியது. சத்தம் எதுவும் இல்லை, சொட்டுவதற்கு இலை இல்லையே.

ஒன்பது மணிக்கு மாயக்காள் குனிந்து ஒரு கட்டையைப் பிடித்தாள். அது கையோடு வந்தது. அடியில் கிழங்கு வெந்த சேம்பு மாதிரி இருந்தது, பிசுபிசுவென்று, நிறம் மாறி. மோந்து பார்த்தாள். அடுத்ததைப் பிடித்தாள். அதுவும் வந்தது. பத்துப் பதினைந்து பிடுங்கியபிறகு கன்னையன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் வெட்டச் சொன்னேன்" என்றாள்.

"நானுந்தானத்தா வெட்டுனேன்."

"நான் சொல்லித்தான வெட்டுனீக."

அவர் அவள் கையிலிருந்த கட்டையை வாங்கிக் கீழே வைத்தார். அய்யம்மாள் வந்து வளைவில் நின்றாள், ஆனால் அன்று அவள் கீழே இறங்கி வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து முட்டியைக் கட்டிக்கொண்டாள். வெகுநேரம் மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்தார்கள். பதினோரு மணிக்கு ஒரு டூரிஸ்ட் ஜீப் வந்து நின்றது. பனி எங்கே என்று ஒரு ஆள் இறங்கிக் கேட்டார். உருகிவிட்டது, வெரசா வந்திருக்க வேண்டும் என்று கன்னையன் சொன்னார்.

அதன்பிறகு மாயக்காளிடம் எதைக் கேட்டாலும் பதில் வரவில்லை. உலை வைக்கவா என்று கேட்டால் அவரைப் பார்த்தாள். பெண் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள். கன்னையன் ஒவ்வொன்றாகத் தானே முடிவு செய்யத் தொடங்கினார். முதல் இரண்டு மூன்று நாள் செய்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டார்.

மாசி பாதியில், ஒற்றை வேறு பக்கம் போய்விட்டதென்று செய்தி வந்தபிறகு, கன்னையனும் அய்யம்மாளும் ஓடையைத் தாண்டினார்கள். வெட்டாமல் விட்ட நாற்பத்தொரு தூரும் கருஞ்சருகு போர்த்தி அப்படியே சாய்ந்து கிடந்தன. அழுகல் இல்லை. அய்யம்மாள் சருகை விலக்கினாள். மார்ச் மூன்றாம் தேதிக் கணக்குப்படி அந்த நாற்பத்தொன்றில் இருபத்தேழு முளைவிட்டிருந்தன. வெட்டிய முந்நூற்று அறுபத்திரண்டில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

இருபத்தேழு தூரில் ஆவணிக்குக் காய் வராது. நிலத்துக்காரர் நேரில் வந்து பள்ளத்தைப் பார்த்தார், தாடையைத் தடவிக்கொண்டார், மார்ச் கடைசிவரை டயம் கொடுத்தார். கன்னையன் மார்ச் எட்டாம் தேதியே சாமான்களைச் சின்ராசின் ஜீப்பில் ஏற்றினார். இருபத்தேழையும் அய்யம்மாளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். லயத்துக்குப் பின்னால் அவ்வளவு இடம் இல்லை என்று அவள் ஆறு தூர் எடுத்துக்கொண்டாள். மாயக்காள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை அவள் போடியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் தரம் பார்த்துக் காய் பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை.